பெல்–லபடுலா மாடலில் கீழே இருப்பவர் மேலே எழுதலாமா?

அகிலன்_எம்இ
செமஸ்டருக்கு கம்ப்யூட்டர் பாதுகாப்பு படிக்கிறேன், யார் எந்த ஃபைலைப் படிக்கலாம், எழுதலாம் என்று ரகசிய மட்டங்களை வைத்து விதி சொல்லும் பெல்–லபடுலா மாடலில் ஒரு இடத்தில் முட்டி நிற்கிறது. ‘சீக்ரெட்’ அனுமதி உள்ளவர் ‘டாப் சீக்ரெட்’ ஃபைலைப் படிக்கக் கூடாது, சரி. ஆனால் அதில் எழுதலாமாம்! கண்டதை எழுதி வைத்தால் அது என்ன பாதுகாப்பு? மேலே இருப்பவரோ கீழே எழுதக் கூடாதாம். நம்பகமான அதிகாரியை எதற்குத் தடுக்க வேண்டும்?

காவல்கோபுரம்
தம்பி, இரண்டாவது கேள்விதான் முக்கியம். தடுப்பது அதிகாரியை அல்ல, அவர் ஓட்டும் புரோகிராமை. அவருடைய எடிட்டருக்குள் ஒரு ட்ரோஜன், அதாவது நல்லது போல ஒளிந்திருக்கும் கெட்ட புரோகிராம், இருக்கிறதென்று வையுங்கள். அவர் அனுமதியிலேயே டாப் சீக்ரெட் ஃபைலைப் படித்துவிடும். படித்ததை எல்லோருக்கும் திறந்த ஃபோல்டரில் கொட்டப் போகும்போதுதான் ‘கீழே எழுதாதே’ விதி மறிக்கிறது. அதிகாரி கீழ்மட்டத்துக்குக் கடிதம் எழுத வேண்டுமா, கீழ்மட்ட செஷனில் லாகின் செய்யட்டும்.

முதல் கேள்விக்கு: 1973-இல் மைட்டர் நிறுவனத்தில் இருந்த பெல்லும் லபடுலாவும் அமெரிக்க விமானப்படைக்காக எழுதியது இது. ரகசியம் கசியக் கூடாது, அவ்வளவுதான் அதன் கவலை. டேட்டா கெடாமல் காப்பது பைபா மாடலின் வேலை. அங்கே விதிகள் தலைகீழ்: கீழே இருப்பவர் மேலே எழுதக் கூடாது. உங்கள் விண்டோஸிலேயே அதன் பாதி இருக்கிறது. ஆப்டேட்டாவுக்குள் ‘லோகல்லோ’ ஃபோல்டருக்கு, அனுமதிகளைக் காட்டும் ஐகேக்கல்ஸ் (icacls) கமாண்ட் போடுங்கள், ‘லோ’ லேபிள் தெரியும், அதாவது நம்பகம் குறைந்த மட்டம் என்ற குறி. லோ மட்டத்தில் ஓடும் புரோகிராம் அங்கே எழுதலாம். உங்கள் டாக்குமெண்ட்ஸில் எழுத முடியாது.

பேரேடு
நான் கணக்கு சாஃப்ட்வேர் எழுதுபவள். எங்களுக்கு 1987-இல் வந்த கிளார்க்–வில்சன் மாடல்தான் பொருந்தும், அதுவும் டேட்டா கெடாமல் காப்பதுதான். லெட்ஜர் டேபிளில் யாரும் நேரடியாகக் கை வைக்கக் கூடாது. சோதித்து ஒப்புக்கொண்ட புரொசீஜர் வழியாகத்தான் எழுத வேண்டும். வவுச்சர் போட்டவரே அப்ரூவ் பண்ணக் கூடாது. வருடக் கடைசியில் ‘இன்னைக்கு மட்டும்’ என்று டேபிளை நேரடியாக மாற்றும் அப்டேட் உரிமை கேட்டு வருவார்கள். கொடுக்கவே கொடுக்காதீர்கள், கொடுத்தால் அன்றோடு அந்த லெட்ஜருக்கு எந்த உத்தரவாதமும் இல்லை.

அகிலன்_எம்இ
ரொம்ப நன்றி சார், நன்றி அக்கா. இன்னும் ஒன்று: பெல்–லபடுலாவில் ஃபைலின் ரகசிய மட்டத்தைச் சொல்லும் லேபிளையே யாராவது கீழே இறக்கிவிட்டால்?

காவல்கோபுரம்
அருமையான கேள்வி. ஜான் மெக்லீன் 1980-களில் பிடித்த ஓட்டை இதுவேதான். ‘சிஸ்டம் இசட்’ என்று ஒன்றைக் காட்டினார்: யார் எதைக் கேட்டாலும் எல்லா லேபிளையும் அடிமட்டத்துக்கு இறக்கிவிட்டு அனுமதி கொடுக்கும். படிக்கும் விதி, எழுதும் விதி எதையும் அது மீறுவதில்லை! ஆகவே லேபிள் எப்போது, யாரால் மாறலாம் என்பதையும் டிசைனில் எழுதியே ஆக வேண்டும். உங்கள் புத்தகத்தில் ‘ட்ரான்குவிலிட்டி’ என்ற தலைப்பில் இருக்கும், பாருங்கள்.