சுங்கை சிப்புட் சொந்தங்கள்

*வியாழன்*

*தம்பி மெல்பர்ன்:* மாமா, சனிக்கிழமை பீர் காய்ச்சப் போறேன். மால்ட்டுச் சாறு டின் இல்ல, முழு மால்ட்டு, அதான் முளைகட்டிக் காயவச்ச பார்லி. பில்ஸ்னர்ங்கற வெளிர் பீர், 25 லிட்டர் தண்ணி. ரெசிபில 10 கிராம் ஜிப்சம் (கால்சியம் சல்ஃபேட்) போட்டிருக்கு. போடலாமா?

*அத்தை:* காலங்காத்தால பேசற பேச்சாடா இது 🙄

*ராணி அக்கா:* அங்க வீட்டுக்குன்னு காய்ச்சினா தப்பில்ல அத்தை. இங்கதான் லைசென்ஸ் இல்லாம அடுப்புல வச்சா கஸ்டம்ஸ் வாசல்ல நிக்கும் 😂

*பெரிய மாமா:* போடாதே. லிட்டருக்கு 400 மில்லிகிராம் ஆகுது. அதுல சல்ஃபேட் மட்டும் 223. இங்கிலாந்துல பர்ட்டன் ஊரு ஏல் பீருக்கு அது சரி, கசப்பு வறவறன்னு நாக்குல நிக்கும். பில்சன் ஊரு தண்ணில உப்பே ரொம்பக் கம்மி. உன் மெல்பர்ன் தண்ணியும் அப்படித்தான்.

*தம்பி மெல்பர்ன்:* அப்ப ஒண்ணுமே வேணாமா?

*பெரிய மாமா:* கால்சியம் குளோரைடு 5 கிராம். கால்சியம் லிட்டருக்கு 55 மில்லிகிராம் கிட்ட வந்துரும், மால்ட்டு ருசியும் தூக்கலா இருக்கும். பாக்கெட்ட இறுக்கி மூடி வை. ஈரம் இழுத்துட்டா நிறுத்த கணக்கு பொய்யாயிடும்.

*தம்பி மெல்பர்ன்:* பைப்புத் தண்ணி பிஎச் (புளிப்பு அளவு, கம்மியானா புளிப்பு ஜாஸ்தி) 7.4 காட்டுது. ஆசிட் விட்டு 5.4க்கு இறக்கிடட்டா?

*பெரிய மாமா:* டேய், தண்ணிய அளந்து என்ன பண்ணப் போற? மால்ட்டக் கொட்டிக் கிண்டி, பத்து நிமிஷம் கழிச்சு அந்தக் கஞ்சிய அள. மால்ட்டே பிஎச்ச இறக்கும். வெளிர் மால்ட்டு மட்டும்னா 5.7, 5.8ல நிக்கும். நமக்கு வேண்டியது 5.2லருந்து 5.5. மிச்சத்துக்குத்தான் லாக்டிக் ஆசிட். ஒரு மில்லி விடு, கிண்டு, திரும்ப அள. ரப்பர் பால் ஸ்டோர்ல ஃபார்மிக் ஆசிட்ட கண்ணளவுல ஊத்துறவனக் கண்டாலே எனக்கு ஆகாது.

*பெரிய மாமா:* கரண்டில எடுத்து நல்லா ஆறவச்சு அள. சூட்டுல அளந்தா கம்மியாக் காட்டும், மீட்டரும் போயிடும். முன்னாடியே பிஎச் 7, 4ன்னு தெரிஞ்ச பஃபர் கரைசல்ல மீட்டர சரி பாத்துக்க.

*ராணி அக்கா:* மாமா லேப் திறந்தாச்சு 😄

*பெரிய மாமா:* சிரிக்காதலா. பிஎச் அளவக் கொண்டு வந்ததே 1909ல கார்ல்ஸ்பெர்க் ஆய்வுக்கூடத்து சோரன்சன். ஷா ஆலம்ல கம்பெனி இருக்கே, அதே கார்ல்ஸ்பெர்க்தான்.

*தம்பி மெல்பர்ன்:* குளோரின் வாடை?

*பெரிய மாமா:* அதான் முதல் வேலை. குளோரின முறிக்கிற கேம்டன் மாத்திரை அரை போதும், பொடிச்சுக் கலக்கிடு. குளோரின அப்படியே விட்டுட்டா பீர்ல மருந்துக்கடை நாத்தம் வரும்.

*அத்தை:* எங்க கிணத்துத் தண்ணி கொதிச்சா கேத்தல்ல வெள்ளையாப் படியுதே, அது என்ன?

*பெரிய மாமா:* சுண்ணாம்பு மலை அடிவாரமாச்சே, பைகார்பனேட். வெளிர் பீருக்கு ஆகாது, பிஎச்ச இறங்க விடாது. டப்ளின்லயும் இந்த மாதிரி தண்ணிதான். வறுத்த தானியத்துல இருக்கற புளிப்பு அத ஈடுகட்டும், அங்க கறுப்பு ஸ்டவ்ட் நல்லா வந்ததுக்கு அதுவும் ஒரு காரணம். உனக்குக் காப்பிக்குப் போதும், குடி.

*சனி*

*தம்பி மெல்பர்ன்:* மொத 5.72. 2 மில்லி விட்டேன். இப்ப 5.43.

*பெரிய மாமா:* போதும். பாட்டில தூக்கி உள்ள வை.

*தம்பி மெல்பர்ன்:* இன்னொரு அரை மில்லி?

*பெரிய மாமா:* உள்ள வைன்னேன்.