டைனமோ முன் சில்லிலா, பின் சில்லிலா?

கசற்காரன்:
நேற்று இந்த இணையக் களத்தில் ஒருவர் எழுதிவிட்டுப் போயிருக்கிறார்: "தொண்ணூறுகளில் யாழ்ப்பாணத்தில் இளையராஜாவையும் இயக்கப் பாட்டையும் விட்டால் கேட்பதற்கு வேறொன்றும் இல்லை. றொக் கேட்டோம் என்கிறவர்கள் வெளிநாட்டில் போய் இறங்கின பிறகு கதை கட்டுகிறவர்கள்." இதை வாசித்ததில் இருந்து எனக்கு நித்திரை இல்லை.

ஐயா, நான் 1993இல் கொக்குவிலில், எங்கள் வீட்டு மாமரத்துக்குக் கீழே இருந்து ஷாக்ஸ் கேட்டவன். பீட்டில்ஸ் இல்லை, பொனி எம் இல்லை, ஷாக்ஸ். அமெரிக்காவில் நியூ ஹாம்ப்ஷயர் பக்கம் ஃப்ரீமொன்ற் என்று ஒரு சின்ன ஊர். அங்கே மூன்று சகோதரிகள்: டொட், பெற்றி, ஹெலன். அவர்களுடைய அப்பம்மா கைரேகை பார்த்து மகனிடம் சொன்னாராம், உன் பெண்பிள்ளைகள் பெரிய இசைக்குழு நடத்துவார்கள் என்று. அந்த மனிதன் அதை நம்பிப் பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்தால் நிற்பாட்டி, கிற்றாரும் றம்ஸும் வாங்கிக் கொடுத்து, 1969இல் ஸ்ரூடியோவுக்கே கூட்டிக்கொண்டு போய்விட்டார். ஆயிரம் இசைத்தட்டு அடிக்கக் காசு கட்டினார், கைக்கு வந்தது நூறு என்பார்கள். 1975இல் அவர் இறக்க, குழுவும் அவரோடு போயிற்று. 1980இல் மறுபதிப்பு வந்த பிறகுதான் வெளியே பேச்சே எழுந்தது.

அந்த மறுபதிப்பில் இருந்து பொஸ்ரனில் படித்த என் மச்சான் டிடிகே அறுபது நிமிடக் கசற்றில் பதிந்து கொடுத்துவிட்டது. கிளாலிக் கடலேரியால் வள்ளத்தில் வந்த கசற். சண்டைக் காலம்; கரண்ட் இல்லை, பற்றரிக்கு அரசாங்கத் தடை. சைக்கிளைத் தலைகீழாக நிற்பாட்டி, தம்பி பெடலைக் கையால் சுற்ற, முன் சில்லு டைனமோவில் இருந்து வயர் இழுத்துக் கேட்டோம். இதைவிட அண்டர்கிரவுண்ட் றொக்கை உலகத்தில் வேறு யார் கேட்டிருப்பார்கள்?

ரொரன்ரோப் பொடியன்:
அண்ணை, அண்டர்கிரவுண்ட் என்றால் பங்கருக்குள் இருந்து கேட்டதா? உண்மையாகத்தான் கேட்கிறேன். எதை வைத்து ஒரு குழுவை அப்படிச் சொல்கிறோம்?

வயர்மன்:
ஒரு சின்னச் சந்தேகம். முன் சில்லு டைனமோ என்று எழுதியிருக்கிறீர்கள். பெடலைச் சுற்றினால் சுற்றுவது பின் சில்லு. முன் சில்லை யார் சுற்றினது?

கசற்காரன்:
பொடியா, பெரிய கம்பனிகளும் ரேடியோவும் தொடாத, ஆட்கள் கைமாறிக் கேட்கிற இசைதான் அண்டர்கிரவுண்ட். இவ்வளவு எழுதியிருக்கிறேன், வயர்மன் சில்லைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார். சரி, பின் சில்லாகவே இருக்கட்டும்.

வயர்மன்:
"இருக்கட்டும்" என்பது பதில் இல்லை. அந்தக் காலத்தில் சாவகச்சேரியில் ரேடியோ திருத்தின கை இது, அதனால் சொல்கிறேன். சைக்கிள் டைனமோ 6 வோல்ற், 3 வாற். அதில் இருந்து வருவது ஏ.சி. ரேப் ரெக்கோடருக்கு வேண்டியது டி.சி. நாலு டயோட் போட்டு மாற்ற வேண்டும். மாற்றும்போது அந்த டயோட்டுகளிலேயே ஒன்றரை வோல்ற் அளவு போய்விடும். மிச்சத்தில் ரேடியோ பாடும். பிபிசி தமிழோசையும் வேரித்தாஸ் வானொலியும் எல்லா வீட்டிலும் அப்படித்தான் கேட்டது. ஆனால் கசற் சுற்ற மோட்டர் வேண்டும், மோட்டர் இழுக்கிற கரண்ட் வேறு. உங்கள் கதையில் டயோட்டே இல்லை. "வயர் இழுத்தோம்" என்கிறீர்கள். வயரை இழுத்தால் றுர்ர்ர் என்று ஒரு இரைச்சல்தான் கேட்டிருக்கும். அதைத்தான் ஷாக்ஸ் என்று நினைத்தீர்களோ தெரியவில்லை. அவர்களுடைய பாட்டைக் கேட்டால் அப்படி நினைத்ததிலும் பிழை சொல்ல முடியாது.

அப்புறம், முன் சில்லு?

சங்கீத ரீச்சர்:
இந்தச் சண்டையைப் பார்த்துவிட்டு யூரியூப்பில் போய்க் கேட்டேன். நாலு பாட்டுக்கு மேல் முடியவில்லை. றம்ஸ் அடிக்கிற பிள்ளை தனியே ஒரு ஊருக்குப் போகிறாள், கிற்றார் இன்னொரு ஊருக்குப் போகிறது. காணாமல்போன பூனையைத் தேடுகிற பாட்டு ஒன்று இருக்கிறது, அதில் பூனையோடு சேர்ந்து தாளமும் தொலைந்துவிட்டது. இணுவில் தவிலைக் கேட்டு வளர்ந்த காதுக்கு இதைக் கொண்டுவந்து மேதமை என்று சொல்லாதீர்கள். என்னிடம் ஆதிதாளம் படிக்கிற ஏழு வயதுப் பிள்ளை இதைவிட ஒழுங்காகக் கை போடும்.

கசற்காரன்:
ரீச்சர், அங்கேதான் விஷயம் இருக்கிறது. டொட்டினுடைய கிற்றாரைக் கவனியுங்கள். பாட்டில் வருகிற ஒவ்வொரு அசையையும் தொட்டுக்கொண்டே போகும். சொல் நீண்டால் அதுவும் நீளும், சொல் நின்றால் அதுவும் நிற்கும். எங்கள் ஊர் ஒப்பாரியில் தாளம் எண்ணுகிறார்களா? நிர்வானாக் குழுவின் பாடகர் கேர்ட் கோபேன் தனக்குப் பிடித்த ஐம்பது இசைத்தட்டுகள் என்று எழுதி வைத்த பட்டியலில் ஷாக்ஸுக்கு 5ஆவது இடம். அமெரிக்க றொக் இசைக்காரர் ஃபிராங்க் சாப்பா, ஷாக்ஸ் பீட்டில்ஸைவிட மேல் என்றார்.

ரொரன்ரோப் பொடியன்:
கோபேன் பட்டியல் சரி, அது அவருடைய கையெழுத்திலேயே இருக்கிறது. சாப்பா சொன்னதாகத்தான் எல்லோரும் எழுதுகிறார்கள். எங்கே சொன்னார், எப்போது சொன்னார் என்று ஒருவரும் காட்டுவதில்லை.

சங்கீத ரீச்சர்:
ஒப்பாரியை இதோடு ஒப்பிடுவதா? ஒப்பாரி சொல்கிற மனுசிக்குத் தாளம் தெரியாது என்று யார் சொன்னது? அவள் மாரில் அடித்துக்கொண்டு சொல்கிறாள், அந்த அடியே கணக்குத்தான். வாய்க்கு வந்ததை எழுதக் கூடாது.

வயர்மன்:
ஒப்பாரி, சாப்பா, கோபேன் எல்லாம் வந்துவிட்டார்கள். முன் சில்லு இன்னும் வரவில்லை.

ஈச்சமோட்டை:
கசற்காரன் சொல்வது உண்மை. அந்தக் கசற்றை நான் கண்ணால் கண்டவன். டிடிகே, மேலே நீல மையில் எழுத்து. ஒரு பக்கம் அரை மணித்தியாலம்தானே, கடைசிப் பாட்டு முடிய முன்னமே நாடா முடிந்துவிடும். டைனமோவில் ஓடினதா என்று மட்டும் எனக்குத் தெரியாது.

கசற்காரன்:
ஓ, வந்துவிட்டீர்களா? நீங்களே வாயைத் திறந்ததால் சொல்கிறேன். 94இல் "இரண்டு நாள் கேட்டுவிட்டுத் தருகிறேன் மச்சான்" என்று வாங்கிக்கொண்டு போனவர் இவர்தான். மூன்று மாதம் கழித்துத் திரும்பி வந்தது. போட்டுப் பார்த்தால் முதல் பாட்டு மட்டும் ஷாக்ஸ். மிச்சம் முழுக்க நல்லூர்த் தேருக்கு ஊதின நாதஸ்வரம். நடுவில் ஒரு பிள்ளை "அம்மா, ஐஸ்பழம்" என்று கத்துகிறது.

ஈச்சமோட்டை:
அது அப்பா அடித்தது. நான் பள்ளிக்கூடம் போயிருந்தேன். கசற்றின் முதுகில் இரண்டு மூலையிலும் ஒரு சின்னப் பிளாஸ்ரிக் துண்டு இருக்கும். அதை உடைத்துவிட்டால் மேலால் ஒருவரும் அடிக்க முடியாது. இரவல் கொடுக்கிறவர் அதை உடைத்துவிட்டுக் கொடுப்பதுதான் முறை. உடைக்காமல் தந்தது யாருடைய பிழை?

கசற்காரன்:
பார்த்தீர்களா? கசற்றை அழித்தவர் எனக்கு முறை படிப்பிக்கிறார்.

சங்கீத ரீச்சர்:
எனக்கென்றால் நாதஸ்வரம் அடித்தவர்தான் அந்தக் கசற்றுக்கு நல்லது செய்திருக்கிறார்.

வயர்மன்:
ஒன்றைக் கவனித்தீர்களா? ஈச்சமோட்டை கசற்றைக் கண்டிருக்கிறார், அவருடைய அப்பா அதில் பதிவும் செய்திருக்கிறார். நாடா ஓட்டிப் பதிவு செய்யக் கரண்ட் எங்கிருந்து வந்தது என்று நான் கேட்கவில்லை, தேர்த்திருவிழாவில் ஜெனரேற்றர் ஓடியிருக்கும். கேள்வி கொக்குவில் மாமரத்தடி. அங்கே ஜெனரேற்றர் இல்லை. பெடலைச் சுற்ற முன் சில்லு சுற்றினதாக எழுதினது நான் இல்லை. எழுத்தில் இருக்கிறது, அழிக்கவும் முடியாது, அதைப் படம் எடுத்து வைத்திருக்கிறேன். ஒரு மனிதன் சில்லையே பிழையாகச் சொன்னால், அவன் கேட்ட பாட்டை நான் எப்படி நம்புவது? நாங்கள் ஜாம் போத்தல் விளக்கில் படித்த ஆட்கள். போத்தலுக்குள் பஞ்சு, ஒரு விரற்கடை மண்ணெண்ணெய், திரி. மோட்டர்சைக்கிளுக்கு நாலு சொட்டுப் பெற்றோல் விட்டு ஸ்ராட் எடுத்து மண்ணெண்ணெயில் ஓடினோம். பழுதான பற்றரியை வெயிலில் காயவைத்தோம். எல்லாம் செய்தோம். அதனால்தான் செய்யாததைச் செய்தோம் என்று சொல்லும்போது கோபம் வருகிறது.

ரொரன்ரோப் பொடியன்:
வயர்மன் அண்ணை, மன்னிக்க வேண்டும். போன வருடம் முருகன் பாட்டுகள் பற்றின இழையில் நீங்களே எழுதியிருக்கிறீர்கள்: "தடைக் காலத்தில் டைனமோவில் கசற் போட்டு சௌந்தரராஜன் பாட்டுக் கேட்போம், தம்பிதான் சில்லுச் சுற்றுவான்." தேடி எடுத்தேன். கசற் ஓடாது என்று இப்போது சொல்கிறீர்களே?

வயர்மன்:
ஓடாது என்று நான் எங்கே சொன்னேன்? மோட்டர் இழுக்கிற கரண்ட் வேறு என்றேன். நான் டயோட் நாலு போட்டு, கரண்டைச் சீராக்க ஆயிரம் மைக்ரோ கப்பாசிற்றர் ஒன்றும் வைத்து, ஒழுங்காக ஓட்டினவன். அதுவும் பின் சில்லில்.

கசற்காரன்:
ஆகா! ஆக உங்கள் வீட்டில் ஓடும், என் வீட்டில் ஓடாது. சாவகச்சேரியில் வேறு மின்சாரம் போல. என் சித்தப்பா ரெக்னிக்கல் படித்தவர், டயோட் அவர் போட்டுத் தந்தது. ஒவ்வொரு ஸ்குறூவையும் எழுத இது என்ன உரிமை கோரும் பத்திரமா?

ரொரன்ரோப் பொடியன்:
எனக்கு வேறு ஒரு யோசனை. தம்பி களைத்து மெதுவாகச் சுற்றும்போது கசற்றும் மெதுவாகும், பிறகு வேகமாகும். அதனால்தான் உங்களுக்கு ஷாக்ஸ் தாளம் தப்பினது போலக் கேட்டு, அதை மேதமை என்று நினைத்துவிட்டீர்களோ?

சங்கீத ரீச்சர்:
தம்பி, நான் கேட்டது யூரியூப்பில். ஒருவரும் பெடல் சுற்றவில்லை. அப்போதும் தாளம் இல்லை.

வயர்மன்:
மோட்டருக்குள் வேகம் பிடிக்கிற கவர்ணர் இருக்கிறது. தேவையான வோல்ற் வந்தால் எவ்வளவு வேகமாகச் சுற்றினாலும் நாடா ஒரே வேகம்தான். வோல்ற் குறைந்தால்தான் இழுபடும், அப்போது குரலும் சேர்ந்து தடிக்கும். பெண்குரல் ஆண்குரல் ஆகும். பாட்டும் றம்ஸும் ஒன்றாகத்தான் இழுபடும், றம்ஸ் மட்டும் தனியாக விலகாது. ஆக அந்தப் பிள்ளையின் அடி பிசகினது டைனமோவால் இல்லை. இதில் மட்டும் ரீச்சர் பக்கம். சில்லு விஷயத்தில் நான் ஒருவர் பக்கமும் இல்லை, உண்மையின் பக்கம்.

கசற்காரன்:
ஹெலன் பிசகவில்லை! அவள் தன்பாட்டில் ஒரு அடியை வைத்துக்கொண்டு போகிறாள். அக்காமார் விட்டுவிட்டுப் போனால் அவள் என்ன செய்வது? அந்தப் பிள்ளைகள் ஒவ்வொரு சனிக்கிழமை இரவும் ஊர் மண்டபத்தில் வாசித்தார்கள், பொடியள் பழித்தார்கள். அப்பாவுக்காக வாசித்தார்கள். எங்கள் ஊரில் மகளின் அரங்கேற்றத்துக்குக் காணியை ஈடு வைக்கிற அப்பாவைக் கண்டதில்லையா ரீச்சர்? உங்களிடம் வருகிற பிள்ளைகளில் எத்தனை பேர் தாங்களாக விரும்பி வருகிறார்கள்?

சங்கீத ரீச்சர்:
என் வகுப்பை இதற்குள் இழுக்க வேண்டாம். உங்கள் மருமகளும் என்னிடம்தான் படித்தவள். சம்பளம் ஒரு தவணை பாக்கி.

ஈச்சமோட்டை:
கசற் கதையை முடித்துவிடுகிறேன். ஆமி நெருங்க யாழ்ப்பாணமே இடம்பெயர்ந்த 95 ஒக்ரோபர் 30 இரவு வெளிக்கிடும்போது அப்பா அந்த நாதஸ்வரக் கசற்றின் பிரதியைப் பைக்குள் வைத்தார். அம்மா எடுத்து வெளியே வைத்துவிட்டு அந்த இடத்தில் சீனிப் பை ஒன்றை வைத்தா. மழை. நாவற்குழிப் பாலத்தடியில் விடியும்வரை ஒரு அடி, அரை அடியாக நகர்ந்தோம். அப்பா இரண்டு தரம் கேட்டார், "கசற் எடுத்தனிங்களோ?" என்று. ஒருவரும் பதில் சொல்லவில்லை. திரும்பிப் போனபோது வீட்டில் யன்னலும் இல்லை.

கசற்காரன்:
என்னுடையதும் அந்த இரவோடு போனதுதான். முதல் பாட்டு மட்டும் மிஞ்சியிருந்த அந்தக் கசற். இருந்தாலும் நீ அழித்தது அழித்ததுதான்.

ஈச்சமோட்டை:
நான் அழிக்கவில்லை. அப்பா.

வயர்மன்:
எங்கள் வீடும் போனதுதான், அதை யாரும் மறுக்கவில்லை. ஆனால் இடப்பெயர்வைச் சொன்னால் முன் சில்லை மறந்துவிடுவார்கள் என்று கசற்காரன் நினைக்க வேண்டாம். இன்னும் பதில் வரவில்லை.

கசற்காரன்:
வந்துவிட்டது ஐயா, வந்துவிட்டது. அக்கா கனடாவில் இருந்து பழைய அல்பம் ஒன்றைப் படம் எடுத்து அனுப்பியிருக்கிறா. கீழே போட்டிருக்கிறேன். 1991, எங்கள் வீட்டு முற்றம். அதே சைக்கிள், அதே மாமரம். பின் சில்லை வடிவாகப் பாருங்கள், அதில் டைனமோ இல்லை. ஆகவே முன் சில்லில்தான் இருந்தது. நான் முதலில் எழுதினதுதான் சரி. தம்பி பெடலைச் சுற்றினான் என்றது வாய் தவறி வந்தது, அவன் முன் சில்லைக் கையால் தட்டித் தட்டிச் சுற்றினான்.

வயர்மன்:
படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். பின் சில்லில் டைனமோ இல்லை, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் முன் சில்லை மறைத்துக்கொண்டு ஒரு ஆட்டுக்குட்டி நிற்கிறது. அங்கேயும் டைனமோ இருப்பதாகத் தெரியவில்லை.

கசற்காரன்:
ஆட்டுக்குட்டிக்குப் பின்னால் இருக்கிறது.

வயர்மன்:
அதை அங்கே கொண்டுவந்து கட்டினது யார்?