ஸ்ட்ராங்பேக் போட்டு நேரா வந்துட்டா வெல்டுல ஸ்ட்ரெஸ் இல்லைன்னு அர்த்தமா?

துவாஸ்_பிட்டர்:
அண்ணே, ஒரு டவுட்டு. பம்ப் உக்கார்ற பேஸ் பிரேம் ஒன்னு ஓடிட்டிருக்கு, 40 மிமீ எஸ்355ஜே2 கிரேடு ஸ்டீல் பிளேட்டு, ஃபுல் பெனிட்ரேஷன் பட் ஜாயிண்ட், ஃபிளக்ஸ் கோர் வெல்டிங். வளையக்கூடாதுன்னு சுத்தி ஸ்ட்ராங்பேக் (பிளேட்ட புடிச்சு வைக்க தற்காலிகமா ஒட்டுற பட்டை) அடிச்சு இறுக்கித்தான் ஓட்டுனாங்க, நூல் புடிச்சுப் பாத்தப்ப நேராத்தான் இருந்துச்சு. நேத்து கடைசி ஸ்ட்ராங்பேக்க வெட்டுனதும் டங்குனு ஒரு சத்தம், ஒரு மூலை 3 மிமீ எந்திரிச்சிருச்சு. போர்மேன் "இதான் ரிலீஸ் ஆயிருச்சே, இனி ஸ்ட்ரெஸ் ஒன்னும் இல்ல, மெஷினிங்குக்கு அனுப்பு"ங்குறாரு. கிளையண்ட் இன்ஸ்பெக்டர் ஸ்ட்ரெஸ் ரிலீவ் (சூடு பண்ணி உள்ள நிக்கிற ஸ்ட்ரெஸ்ஸ எறக்குறது) பண்ணாம தொடாதங்குறாரு. யாரு சொல்றது சரி? 600 டிகிரிக்கு சூடு பண்ணா பிளேட்டோட பலம் கொறையாதா?

பூன்லே_கியூசி:
தம்பி, இன்ஸ்பெக்டர் பக்கம்தான் நியாயம். வெளிய இருந்து புடிச்சு வச்சிருந்த பங்குதான் டங்குனு போச்சு, வெல்டுக்கும் பக்கத்து பிளேட்டுக்கும் நடுவுல நடக்குற இழுபறி அப்படியேதான் உள்ள உக்காந்திருக்கு. கணக்கு போட்டுப் பாரு, ஸ்டீல சுருங்க விடாம புடிச்சு வச்சா ஒரு டிகிரி ஆறும்போது ஸ்ட்ரெஸ் ஏறக்குறைய 2.5 எம்பிஏ (மெகாபாஸ்கல்) ஏறும். 40 மிமீ எஸ்355க்கு ஈல்டு, அதாவது ஸ்டீல் நிரந்தரமா நீள ஆரம்பிக்கிற ஸ்ட்ரெஸ், குறைஞ்சது 345 எம்பிஏ, அப்ப 140 டிகிரி ஆறுனாலே ஈல்டத் தொட்டுரும், வெல்டு மெட்டலோ 1500 டிகிரி பக்கம் இருந்து எறங்கி வருது! அதனால வெல்டு ஓடுன திசையில ஈல்டு அளவுக்கு டென்ஷன் (இழுவிசை) நிக்கிறது சர்வ சாதாரணம், அதுக்கு ஈடா தள்ளி இருக்குற பிளேட்டு கம்ப்ரஷன்ல (அமுக்கத்துல) கெடக்கும். இறுக்கிப் புடிச்சா வளைவு கம்மி, ஸ்ட்ரெஸ் ஜாஸ்தி. விட்டு ஓட்டுனா நேர் எதிர். இது புரியாத போர்மேன் நம்ம ஊர்ல நெறைய பேரு லா.

மெஷின்ஷாப்_மாமா:
எங்ககிட்ட இந்த மாதிரி பிரேம் வந்தா மொதல்ல கேக்குற கேள்வியே ஸ்ட்ரெஸ் ரிலீவ் சார்ட் (எவ்வளவு சூட்டுல எவ்வளவு நேரம் வச்சாங்கங்குற பதிவு) எங்கன்னுதான். மில்லிங்ல டென்ஷன்ல இருக்குற தோல உரிச்சா பேலன்ஸ் போயிரும், கிளாம்ப் இருக்குறவரைக்கும் ஃபிளாட்னஸ் 0.05 மிமீல நிக்கும், கிளாம்ப கழட்டுனதும் டயல் ஊசி ஓடும் பாரு, அப்பறம் பம்ப் அலைன்மெண்ட் காலிதான்.

துவாஸ்_பிட்டர்:
சரிண்ணே, அப்ப பிரேம் லோடுல ஒடஞ்சிருமா? போர்மேன் கேஸ் டார்ச்சுல சுத்தி காட்டுனா போதும்ங்குறாரு.

பூன்லே_கியூசி:
டார்ச்சா! ஒரு எடத்துல மட்டும் சூடு பண்ணா அங்க புதுசா இன்னொரு ஸ்ட்ரெஸ்தான் உருவாகும். ஃபர்னஸ்ல முழுசா வச்சு மெதுவா ஏத்தி, 600 பக்கம் 25 மிமீக்கு ஒரு மணி நேரம்ங்குற கணக்குல புடிச்சு, மெதுவா எறக்கணும். அந்த சூட்டுல ஸ்டீலோட ஈல்டு பாதிக்கும் கீழ போயிரும், அதுக்கு மேல ஸ்ட்ரெஸால நிக்க முடியாது, மிச்சம் கொஞ்சம் க்ரீப்ல (சூட்டுல ஸ்டீல் மெதுவா நீண்டு குடுக்குறதுல) தளரும். முழுசா சைபர் ஆகாது. பலம் லேசா எறங்கலாம், ஆனா ஹீட் அஃபெக்டட் ஸோன்ல (வெல்டு சூடு பட்டு மாறுன பக்கத்து பிளேட்டுல) கடினம் கொறையும், அது நல்லதுதான். க்வென்ச் அண்ட் டெம்பர் (சட்டுனு ஆறவச்சு மறுபடி சூடு பண்ணி பலம் ஏத்துன) பிளேட்டா இருந்தாத்தான் உஷார், டெம்பர் பண்ண சூட்டத் தாண்டுனா பலம் போயிரும். இன்னொன்னு, உங்க டபிள்யூபிஎஸ் (எப்படி வெல்டு பண்ணணும்னு எழுதி வச்ச முறை) ஹீட் ட்ரீட்மெண்ட்டோட குவாலிஃபை ஆயிருக்கான்னு பாரு. இல்லேன்னா டெஸ்ட் கூப்பன திரும்ப அடிக்கணும், ஷெட்யூல் ஆட்டம் காணும்.

ரிக்_இஞ்சினியர்:
ஒடையுமான்னு கேட்டதுக்கு: நிலையான லோடுக்கு அவ்வளவா பயம் இல்ல. டக்டைல் (ஒடையாம நீண்டு குடுக்குற) ஸ்டீல் லோக்கலா ஈல்டு ஆகி ஸ்ட்ரெஸ்ஸப் பங்கு போட்டுக்கும். வம்பு பண்றது ஃபட்டீக், அதாவது லோடு திரும்பத் திரும்ப ஏறி எறங்கி விரிசல் விடுறது. வெல்டு ஏற்கெனவே ஈல்டு கிட்ட இழுபட்டு நிக்கிறதால, பம்ப் அதிர்வுல வர்ற ஏத்த எறக்கம் மொத்தமும் டென்ஷன்லயே சுத்தும். அதனாலதான் வெல்டு ஜாயிண்டுக்கு டிசைன்ல ஸ்ட்ரெஸ் ரேஞ்ச (ஏத்தத்துக்கும் எறக்கத்துக்கும் உள்ள வித்தியாசத்த) மட்டும் பாப்பாங்க, ஒசந்த கிரேடு பிளேட்டு போட்டாலும் அப்படியே வெல்டு அடிச்சு விட்டா ஃபட்டீக் ஆயுள் கூடாது. பழைய ஆளுங்க 1943ல அமெரிக்காவுல போர்ட்லாந்துல கட்டி வச்சிருந்த எடத்துலயே ரெண்டா பொளந்த ஸ்கெனெக்டடி கப்பல இழுத்து வெல்டு ஸ்ட்ரெஸ்தான் காரணம்பாங்க. அதுவும் ஒரு பங்குதான், ஆனா குளிர்ல கண்ணாடியா ஒடையிற ஸ்டீலும் டெக்குல இருந்த டிசைன் கோளாறும் இல்லாம அது நடந்திருக்காது. உன்னோட ஜே2 பிளேட்டு மைனஸ் 20 டிகிரிலயே இம்பாக்ட் டெஸ்ட்டுல (அடிச்சு ஒடைக்கிற சோதனைல) 27 ஜூல் தாங்கணும், நம்ம ஊரு வெயில்ல அந்தக் கவலை வேணாம்.

பூன்லே_கியூசி:
ஃபர்னஸ்ல ஏத்துறப்ப சப்போர்ட் சரியா வைக்கச் சொல்லு தம்பி, 600 டிகிரில பிரேம் தன் வெயிட்டுக்கே தொங்கிரும். தெர்மோகப்பிள் (சூடு அளக்குற கம்பி) பிளேட்டுல ஒட்டியிருக்கணும், ஃபர்னஸ் காத்த அளந்து சார்ட் குடுத்தா வாங்காத.