டெர்ட் பியூட்டைல் குளோரைடு என்னைப் பழிவாங்கிய கதை. உங்கள் கதையையும் எழுதுங்கள்

சிங்க்_பக்கம்
எம்.எஸ்சி. முதல் வருஷம். டெர்ட் பியூட்டைல் குளோரைடு தயாரிக்க வேண்டும். டெர்ட் பியூட்டனால் என்ற ஆல்கஹால், கான்சென்ட்ரேட்டட் ஹெச்.சி.எல். (ஹைட்ரோகுளோரிக் ஆசிட்), அடுக்குகளைப் பிரிக்கும் செபரேட்டிங் ஃபனல். குலுக்கு, திற, குலுக்கு. உங்களுக்கே தெரியும். இருபது நிமிஷத்தில் இரண்டு அடுக்கு அழகாகப் பிரிந்து நின்றது. குளோரின் இருந்தால் கனம், அடியில்தான் நிற்கும் என்று குளோரோஃபார்ம் நினைப்பில் மேல் அடுக்கை சிங்க்கில் கொட்டிவிட்டேன். அடியில் பிடித்ததை பைகார்பனேட் விட்டுக் கழுவினால் பொங்குகிறது, பொங்குகிறது, நிற்கவே இல்லை. அப்போதாவது உறைத்திருக்க வேண்டும், நான் கழுவியது வெறும் ஆசிட். வாலை வடித்தபோது, என் குளோரைடு கொதிக்க வேண்டிய 51 டிகிரியில் ஒரு சொட்டுகூட விழவில்லை. தெர்மாமீட்டர் நேராக நூறுக்குப் போய் உட்கார்ந்தது. அதுவரை சிங்க்கிலிருந்து ஈதர் மாதிரி ஒரு வாடை வந்துகொண்டே இருந்தது. அதுதான் என் பிராடக்ட்.

கலங்கல்
எனக்கு லூகாஸ் டெஸ்ட். ஆல்கஹால் எந்த வகை என்று கலங்கும் வேகத்தை வைத்துச் சொல்ல வேண்டும்: டெர்ஷியரி உடனே கலங்கும், செகண்டரி சில நிமிஷத்தில், பிரைமரி சூடாக்காமல் கலங்காது. பிராக்டிகல் தேர்வு, வெளியிலிருந்து வந்த எக்ஸ்டர்னல் எக்ஸாமினர் பின்னால் நிற்கிறார். குழாயை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பிடித்துப் பார்க்கிறேன், தெளிவாகவே இருக்கிறது. பொறுமை இல்லாமல் சுடுதண்ணீரில் வைத்தேன். குப்பென்று பால் மாதிரி கலங்கியது. டெர்ஷியரி என்று எழுதிவிட்டு வந்தேன். அது செகண்டரி. ஐந்து நிமிஷம் சும்மா நின்றிருந்தால் போதும்.

ஊட்டி_லேப்
முதல் பதிவுக்காரரே, குளோரின் மேல் பழி போடாதீர்கள். நாலு கார்பனுக்கு ஒரே ஒரு குளோரின், அடர்த்தி 0.84. மிதக்காமல் என்ன செய்யும்? குளோரோஃபார்மில் ஒரு கார்பனுக்கு மூன்று குளோரின், அது மூழ்கும். சந்தேகம் வந்தால் ஒரு சொட்டுத் தண்ணீர் விடுங்கள், அது எந்த அடுக்கில் போய்க் கலக்கிறதோ அது ஆசிட். வடித்து முடிக்கும்வரை எந்த அடுக்கையும் கொட்டாதீர்கள். பைகார்பனேட்டுக்குப் பதில் காஸ்டிக் சோடா போடலாமா என்று கேட்பவர்களுக்கும் சொல்லிவிடுகிறேன்: போடாதீர்கள், ஹெச்.சி.எல். கழன்று ஐசோபியூட்டிலீன் வாயுவாகப் பறந்துவிடும். தண்ணீரோடு ரொம்ப நேரம் விட்டாலும் திரும்ப ஆல்கஹாலாகிவிடும். கால்சியம் குளோரைடில் உலர்த்துங்கள், பிடிக்கிற ஃபிளாஸ்க்கை ஐஸில் வையுங்கள்.
என் கதை சின்னது. டெர்ட் பியூட்டனால் 25 டிகிரியிலேயே உறையும். எங்கள் ஊர்க் குளிரில் பாட்டில் கல்லாகிவிட்டது. அட்டெண்டர் அண்ணன் அதை வெந்நீர் பக்கெட்டில் நிறுத்திவிட்டு, "தேங்காய் எண்ணெய்தான் தம்பி" என்றார்.

லெஃப்ட்_விங்
நான் கெமிஸ்ட்ரி இல்லை, ஃபுட்பால். கணுக்கால் பிசகியதும் கோச் ஸ்ப்ரே அடித்தார். கால் முடியெல்லாம் வெள்ளையாக உறைபனி. வலி அப்படியே காணாமல் போனது. அது ஈத்தைல் குளோரைடு, 12 டிகிரியிலேயே கொதிக்கும், தோலின் சூட்டை உறிஞ்சிக்கொண்டு ஆவியாகும் என்பதெல்லாம் பிற்பாடு தெரிந்தது. எனக்கு மறக்காதது வேறு. பக்கத்தில் ஒருவர் பீடிக்குத் தீக்குச்சி எடுத்தார். அதுவரை சத்தமே போட்டறியாத கோச் கத்திய கத்தலில் மைதானமே திரும்பிப் பார்த்தது. பற்றிக்கொள்ளுமாமே.

மறிபுனல்
ஊட்டி அண்ணா, இத்தனூண்டு கதைக்கு இத்தனை அறிவுரையா! கலங்கல், உங்கள் மேல் முழுத் தப்பும் இல்லை. ஆறு கார்பனைத் தாண்டிய ஆல்கஹால் அந்த ரீஏஜெண்டில் சரியாகக் கரையாமல் தானாகவே கலங்கித் தொலைக்கும். அந்த டெஸ்ட்டையே நான் நம்புவதில்லை.

என் விஷயம் தயோனைல் குளோரைடு, ஆல்கஹாலைக் குளோரைடாக மாற்றும் திரவம். என்-பியூட்டனால் பிரைமரி, சாதா ஹெச்.சி.எல்.லுக்கு அசைந்து கொடுக்காது. தயோனைல் என்றால் சல்ஃபர் டைஆக்சைடும் ஹெச்.சி.எல்.லும் வாயுவாகப் போய்விடும், வேலை சுத்தம். வாயுவைத் தண்ணீரில் கரைக்கக் குழாயை நேராக முக்கிவைத்தேன். தண்ணீர் மேலேறாமலிருக்கப் புனலைக் கவிழ்த்து வைக்கச் சொல்லியிருந்தார்கள், சோம்பேறித்தனம். சூட்டை நிறுத்தியதும் தண்ணீர் குழாய்க்குள் ஏற ஆரம்பித்தது. ஒரு விரல், இரண்டு விரல். ஃபிளாஸ்க்கில் தயோனைல் குளோரைடு மிச்சம் இருக்கிறது, தண்ணீர் பட்டால் சீறும். கை ஓடவில்லை. பின்னாலிருந்து யாரோ கையை நீட்டி ரப்பர் குழாயைப் பிடுங்கிவிட்டார்கள். யாரென்று திரும்பிப் பார்க்கக்கூடத் தோன்றவில்லை. நன்றியும் சொல்லவில்லை.

சிங்க்_பக்கம்
ஒரு சொட்டுத் தண்ணீர்... இதை அன்றைக்கு யாரும் சொல்லவில்லையே அண்ணா. லெஃப்ட் விங், கணுக்கால் சரியாச்சா?