பென்சிலும் உப்புத் தண்ணீரும் மின்சாரத்தைக் கடத்துமா, கடத்தாதா?

ஆறாம் வகுப்பு அம்மா:
மகளுக்கு அறிவியல் செய்முறை. இரண்டு பேட்டரி செல், ஒரு டார்ச் பல்பு, கொஞ்சம் வயர், அவ்வளவுதான். வீட்டில் கைக்குக் கிடைத்ததை எல்லாம் நடுவில் வைத்துப் பார்த்தோம். ஸ்பூன், சாவி, அலுமினியத் தாள் வைத்தால் எரிகிறது. சீப்பு, அழிப்பான், ரப்பர் செருப்பு வைத்தால் எரியவில்லை. சரி. ஆனால் இரண்டு பக்கமும் சீவிய பென்சிலிலும் உப்புத் தண்ணீரிலும் எரியவில்லை, புத்தகத்தில் கடத்தும் என்று இருக்கிறது. பழைய ஃபேனில் இருந்து எடுத்த செம்புக் கம்பியில்கூட எரியவில்லை! நோட்டில் என்ன எழுதச் சொல்வது?

வைண்டிங் கடை:
அக்கா, அந்தக் கம்பி மேல் மின்சாரத்தைக் கடத்தாத எனாமல் பூசியிருக்கும். பூச்சும் செம்பு நிறமாகவே தெரிவதால் கண்டுபிடிக்க முடியாது. அது இல்லாவிட்டால் காயிலில் சுற்றுக்குச் சுற்று ஒட்டி ஷார்ட் ஆகிவிடும். இரண்டு முனையையும் உப்புத்தாளால் தேய்த்து, பளபளவென்று ஆனதும் வையுங்கள்.

இயற்பியல் ஆசிரியர்:
பென்சிலும் உப்புத் தண்ணீரும் கடத்துகின்றன, அது உங்கள் பல்புக்குப் போதவில்லை. டார்ச் பல்புக்கு ஏறக்குறைய 0.3 ஆம்பியர் வேண்டும், சிவப்பு எல்.இ.டி. அதில் நூறில் ஒரு பங்கிலேயே எரியும். பல்புக்குப் பதில் அதை வையுங்கள்: மூன்று செல், மின்னோட்டத்தை மட்டுப்படுத்த ஒரு 220 ஓம் ரெசிஸ்டர், எல்.இ.டி.யின் நீளக் கால் பிளஸ் பக்கம். உப்புத் தண்ணீரில் மைனஸ் வயரைச் சுற்றிப் பொடிப்பொடியாகக் குமிழி கிளம்பும், மகளுக்குக் காட்டுங்கள். நோட்டில் ‘கடத்தாது’ என்று எழுத வேண்டாம், ‘இந்தப் பல்பு எரியவில்லை’ என்று எழுதட்டும். பார்த்தது அதுதானே.

வைண்டிங் கடை:
ஒன்றை விட்டுவிட்டேன். செல்லில் மரக்குச்சி கடத்தவில்லை என்று பார்த்துவிட்டுப் பிள்ளைகள் பிளக் பாயிண்டில் குச்சியை விட்டுவிடக் கூடாது. அங்கே 230 வோல்ட், குச்சியில் ஈரம் இருந்தால் ஷாக் அடிக்கும். ஈரத் துணியால் சுவிட்ச் போர்டைத் துடைத்து நானே ஒரு முறை அடி வாங்கியிருக்கிறேன், தோள் வரை இழுத்துவிட்டது.

ஆறாம் வகுப்பு அம்மா:
கம்பியைத் தேய்த்ததும் எரிந்துவிட்டது, ரொம்ப நன்றி! எல்.இ.டி. பென்சிலில் நன்றாகவே எரிகிறது. உப்புத் தண்ணீரில் மங்கல்தான், வயர்களைக் கிட்டே கொண்டுபோனால் வெளிச்சம் கூடுகிறது. அப்புறம் மகள் புடவை ஜரிகையையும் விடவில்லை. பாட்டியின் பட்டுப்புடவையில் எரிந்தது, போன வருஷம் வாங்கியதில் எரியவில்லை. ஏன்?

இயற்பியல் ஆசிரியர்:
பழைய ஜரிகையில் பட்டு நூல் மேல் வெள்ளிக் கம்பியைச் சுற்றியிருப்பார்கள். புதியது பாலியஸ்டர் ஜரிகையாக இருக்கலாம். அதிலும் மெல்லிய உலோகப் பூச்சு உண்டு, ஆனால் அதன் மேல் இன்னொரு பூச்சு மூடியிருக்கும், உங்கள் ஃபேன் கம்பியைப் போலவே.