"நரா இஜாஷிராஜு" எங்கே பொருந்தும்?

கேள்வி:
ஜப்பானிய மொழித் திறன் தேர்வின் மிக உயர்ந்த நிலையான என்1-க்குப் படிக்கிறேன். "அஜி நரா இஜாஷிராஜு, நெடான் கா தக்காய்" (ருசி எப்படியோ, விலை அதிகம்) என்று எழுதியது தப்பாம். "நரா மாடா ஷிமோ", "நரா தொமொகக்கு" இரண்டிலிருந்தும் இது எப்படி வேறுபடுகிறது?

பதில் 1:
ருசியும் விலையும் ஒரே தராசில் வைக்கிற சங்கதிகள் இல்லையே. இஜாஷிராஜுவுக்கு முன்னால் விதிவிலக்கான ஆளோ இடமோ காலமோ நிலைமையோ வர வேண்டும். பின்னால் அதே இனத்தில் சாதாரணமானது. "கொடொமொ நரா இஜாஷிராஜு, ஒத்தொனா கா கொன்னா கொத்தொ தே நக்கு நாந்தே": சின்னப் பிள்ளை என்றால் சரி, வளர்ந்த ஆள் இதுக்குப் போய் அழுவதா! உங்கள் வாக்கியத்துக்கு "அஜி வா தொமொகக்கு" போதும். அது ஒரு விஷயத்தை ஒதுக்கிவைத்து அடுத்ததைப் பேசும், அவ்வளவுதான்.

பின்பாதியையும் கவனியுங்கள். வியப்போ கண்டனமோ "நடக்கவே நடக்காது" என்ற உறுதியோ அங்கே வரும். அதனால்தான் முடிவில் நாந்தே, தோவா (இரண்டும் "இப்படியுமா!" என்கிற வியப்பு), ஹாஜு கா நாய் ("வாய்ப்பே இல்லை") அடிக்கடி நிற்கின்றன. "பெரியவர்கள் இங்கே உட்காருங்கள்" மாதிரி வேண்டுகோளை வைத்தால் வாக்கியம் ஒட்டாது.

பதில் 2:
மாடா ஷிமோவில் முன்பாதி பொறுத்துக்கொள்ளக்கூடியது, பின்பாதி அதைவிட மோசம். "இச்சிடோ நரா மாடா ஷிமோ, சான்டோ மோ சிக்கொக்கு சுரு நாந்தே": ஒரு தடவை தாமதம் என்றால் பரவாயில்லை, மூன்று தடவையா! தமிழில் "பரவாயில்லை" தானாக வாயில் வந்தால் மாடா ஷிமோ என்று பிடித்துக்கொள்ளலாம்.

பெயர்ச்சொல்லோடு நரா ("என்றால்"), வா (பேசுபொருளைக் காட்டும் இடைச்சொல்) இரண்டும் சேரும். வினை என்றால் நடுவில் அதைப் பெயர்போல ஆக்கும் "நோ" வேண்டும்: "ஷிரானாகத்தா நோ நரா இஜாஷிராஜு" (தெரியாமல் இருந்திருந்தால் சரி). தேர்வில் பலர் விடுவது இந்த நோவைத்தான்.

பதில் 3:
சொல்லைப் பிரித்தால் நினைவில் நிற்கும். பழைய வடிவம் "இசா ஷிராஜு". இசா என்றால் "என்னவோ, தெரியலையே", ஷிராஜு, "அறியேன்". "வா பார்க்கலாம்" என்று அழைக்கிற "இஜா"வோடு குழம்பித்தான் இன்றைய உச்சரிப்பு வந்தது. அதனால் "முக்காஷி வா இஜாஷிராஜு, இமா வா..." என்பதற்கு நம்முடைய "அந்தக் காலத்தில் எப்படியோ, இப்போ..." அச்சு அசலாகப் பொருந்தும். ஆனால் இந்த "எப்படியோ"வை நம்பித்தான் நீங்கள் ருசியில் வழுக்கினீர்கள்: தமிழில் அது தொமொகக்குவுக்கும் வரும். இரண்டு பக்கமும் ஒரே இனமா என்று முதலில் பாருங்கள். பேச்சில் தொமொகக்குதான் இயல்பு. இஜாஷிராஜு கொஞ்சம் விறைப்பான எழுத்து நடை.