மடியிலிருந்து விழுந்த கினிப்பன்றி: நாளை வரை காத்திருக்கலாமா?

கேள்வி (நல்லூரிலிருந்து)

வணக்கம். நேற்று மாலை 6 மணியளவில் என் மகள் விறாந்தைக் கதிரையில் அமர்ந்து எங்கள் கினிப்பன்றியை மடியில் வைத்திருந்தபோது, வீதியில் வெடித்த பட்டாசுச் சத்தத்தில் அது துள்ளி, ஏறத்தாழ ஒன்றரை அடி உயரத்திலிருந்து சீமெந்துத் தரையில் விழுந்துவிட்டது. இரத்தம் வரவில்லை. சிறிது நேரம் அசையாமல் கிடந்து, பின்னர் கூட்டின் மூலையில் ஒடுங்கிக்கொண்டது. இன்று காலை வலது முன்காலைச் சற்றுத் தூக்கி வைத்து நடக்கிறது. குளிர்சாதனப் பெட்டியின் கதவு திறந்தாலே கீச்சிடும் பிள்ளை இன்று சத்தமே போடவில்லை. ஞாயிற்றுக்கிழமை என்பதால் நாளை வைத்தியரிடம் கொண்டுபோகலாமா? மகளுக்கு வாங்கிய பனடோல் பாணியில் ஒரு துளி கொடுக்கலாமா?

மறுமொழி (கோண்டாவிலிலிருந்து)

தங்கைக்கு வணக்கம். பனடோல் வேண்டாம், ஒரு கிலோ அளவே நிறையுள்ள உயிருக்கு எவ்வளவு மருந்து பொருந்தும் என்பதை வைத்தியர்தான் சொல்ல வேண்டும். நீங்கள் காலைப் பற்றி எழுதியிருக்கிறீர்கள், ஆனால் நேற்று இரவு முதல் அது சாப்பிட்டதா, புழுக்கை போட்டதா என்று எழுதவில்லை. முதலில் அதைப் பாருங்கள். கினிப்பன்றியின் குடல் ஓயாமல் புல்லை அரைத்துத் தள்ளிக்கொண்டே இருக்க வேண்டியது; நோவினாலோ பயத்தினாலோ அது அரை நாள் சாப்பிடாமல் இருந்தாலே குடலின் அசைவு குறைந்து வாயு சேரத் தொடங்கும், ஒரு நாள் கடந்தால் உயிருக்கே ஆபத்தாகலாம். வேட்டையாடப்படும் இனமாகையால் அது நோவை மறைக்கும். சத்தம் போடாதிருப்பதை அமைதி என்று எண்ணிவிடாதீர்கள்.

சமையலறைத் தராசில் இப்போதே நிறுத்து எழுதி வையுங்கள், காலையும் மாலையும் திரும்ப நிறுங்கள். கூட்டில் ஏணியோ மேல்தட்டோ இருந்தால் எடுத்துவிட்டு, மெல்லிய துவாயை விரித்து, புல்லையும் தண்ணீரையும் வாய்க்கு அருகிலேயே வையுங்கள். நம் ஊர் வெக்கையில் அறையின் குளிர்ந்த பக்கமே நல்லது. கழுவிய அறுகம்புல்லும் ஒரு சிறு துண்டு கொய்யாவும் கொடுத்துப் பாருங்கள்; மனிதரைப் போலவே அதன் உடலும் வைட்டமின் சி-யைத் தானே உண்டாக்காது, காயம் ஆறுவதற்கோ அது கட்டாயம் வேண்டும்.

பின்கால்களை இழுத்தாலோ, வாயைத் திறந்து மூச்சு விட்டாலோ, மூக்கிலோ சிறுநீரிலோ இரத்தம் தெரிந்தாலோ நாளை என்ற பேச்சே இல்லை.

மறுமொழி (சுன்னாகத்திலிருந்து)

அண்ணா சொன்னதோடு ஒன்று. இங்குள்ள மிருக வைத்தியர்கள் பெரும்பாலும் மாடு, ஆடு, நாய்களையே பார்ப்பவர்கள். ஆகவே தொலைபேசியில் அழைத்து, முயல் அல்லது கினிப்பன்றிக்கு வைத்தியம் செய்து பழக்கமுண்டா என்று முதலில் கேளுங்கள். அமொக்சிசிலின் போன்ற பெனிசிலின் வகை மருந்தை வாய்வழியாகக் கொடுத்தால் குடலிலுள்ள நல்ல கிருமிகள் அழிந்து அது இறந்துவிடக்கூடும். மருந்தின் பெயரைக் கேட்டறிந்த பின்னரே கொடுங்கள்.

கேட்டவரின் பதில்

இருவருக்கும் மிக்க நன்றி. நிறை 840 கிராம். சென்ற வாரம் 870 ஆக இருந்தது. புழுக்கை சிறிதாக, ஏழெட்டு மட்டுமே கிடந்தது. கொய்யாவை முகர்ந்து, கடிக்க முயன்று விட்டுவிட்டது. மெல்ல உதட்டை விலக்கிப் பார்த்தேன்; மேல் முன்பல் ஒன்று பாதியில் உடைந்திருக்கிறது. நான் அதன் முன்காலையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டேன்.

மறுமொழி (கோண்டாவிலிலிருந்து)

அப்படியானால் பசி இருக்கிறது, கடிக்கத்தான் முடியவில்லை. அதன் பற்கள் வாழ்நாள் முழுவதும் வளர்பவை. வேரில் பழுதில்லையென்றால் சில வாரங்களில் பழைய நீளத்துக்கு வந்துவிடும். அதுவரை புல்லைச் சிறிதாக நறுக்கியும் கொய்யாவைத் துருவியும் கொடுங்கள். ஆனால் நிறை குறைந்து புழுக்கையும் சிறுத்திருப்பதால் இன்றே ஒரு வைத்தியரைத் தேடிப் பிடியுங்கள்; தாடை எலும்பையும் அந்தக் காலையும் அவர் தொட்டுப் பார்க்க வேண்டும். கொண்டுபோகும் பெட்டிக்குள் நறுக்கிய புல்லையும் வையுங்கள், வழியிலும் அது சாப்பிடட்டும். மகளையும் கூட அழைத்துச் செல்லுங்கள்.